வாசலில் நிற்கிற தேனீ

ஓட்டலிலிருந்து வருகிற இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் மடித்துப் பார்த்ததில்லை. இந்தப் பக்க முனைகளை ஒருத்தி, அந்தப் பக்க முனைகளை ஒருத்தி பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு போட்டு, பிறகு எதிரும் புதிருமாக நடந்து வந்து, ஒருத்தி தன் கையிலிருக்கும் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது விரல் தொடும். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. சலவைக்கடையின் மூத்த மருமகளும் இளைய மருமகளும் பேச்சை நிறுத்தியிருந்த அந்த மழைக்காலத்தில், ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை நேருக்கு நேராக வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

கட்டடம் ஒன்றுதான். தெருவைப் பார்த்த முன்பக்கம் கடை. அதன் பின்னால் மெஷின்கள் உறுமும் கூடம். அதற்கும் பின்னால் இளையவளின் இரண்டு அறைகள். மாடியில் மூத்தவள் குடும்பம். மூத்தவளின் கணவர்தான் அண்ணன், வேன் ஓட்டுவார். ஓட்டல்களிலும் மருத்துவமனையிலும் அழுக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார். தம்பிக்கு மெஷின்களோடு குடித்தனம். தேய்ப்பது, மடிப்பது, கட்டுவது எல்லாம் பெண்கள் இருவர் பாடு. வெயில் காலமென்றால் பாதித் துணி மொட்டைமாடியில் காய்ந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் டிரையர் தலையில்தான். கூடம் முழுக்க ஈரமும் சோப்பு வாசனையுமாகக் கலந்து, சுவரே வியர்த்த மாதிரி இருக்கும்.

பேச்சு நின்றாலும் வேலை நிற்கவில்லை. அதுதான் வேடிக்கை.

"யாராவது அந்தக் கூடையை இந்தப் பக்கம் தள்ளினா நல்லா இருக்கும்" என்று மூத்தவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

"கூடைக்குக் கால் முளைச்சா தானா வரும்" என்று இளையவள் டிரையரைப் பார்த்துச் சொல்வாள். சொல்லிக்கொண்டே காலால் கூடையைத் தள்ளியும் விடுவாள்.

அண்ணனும் தம்பியும் இதில் வாயே திறக்கவில்லை. ஒருவர் வேனுக்குள் ஒளிந்துகொண்டார், இன்னொருவர் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "ரெண்டு இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கறப்போ நடுவுல கையை வைக்கறவன் முட்டாள்" என்று தம்பி ஒரு நாள் டீக்கடையில் சொன்னாராம்.

எல்லாம் ஒரு விளையாட்டால் வந்த வினை.

மூத்தவளுக்கு ஒரு மகன், இளையவளுக்கு ஒரு மகள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே நான்காம் வகுப்பு. அவன் சில மாதங்கள் முந்திப் பிறந்ததால் அண்ணன். சாப்பிட உட்கார்ந்தால் எல்லோரும் எழுந்து கை கழுவின பிறகும் தட்டில் பாதி வைத்திருப்பான். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் தெருவில் இரண்டு பஸ் போய்விடும். ஆமை என்று அவனுக்குப் பெயர் வைத்ததே பெற்றவள்தான். இளையவளின் மகளுக்கு மிளகு என்று பெயர். உருவம் சின்னது, ஓட்டம் பெரிது, வாயோ சொல்லவே வேண்டாம். ஆமை ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் ஒரு கதையே சொல்லி முடித்திருப்பாள். இருந்தும் ஒன்றை விட்டு ஒன்று இருக்காது.

அந்த வருஷம் பல பள்ளிக்கூடங்கள் சேர்ந்து சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி நடத்துவதாகப் பேச்சு வந்தது. கம்ப்யூட்டர் மிஸ் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னாராம். மிளகின் அப்பாவுக்கு அது புரியவே இல்லை.

"விளையாட்டுன்னா ஓடணும், விழணும், முட்டி தேயணும். உக்காந்த இடத்துல என்ன போட்டி?"

"நீங்களும் உக்காந்துதானே சித்தப்பா மெஷினைப் பாக்கறீங்க? அதை வேலைன்னு சொல்றீங்களே" என்றான் ஆமை, வெகு நிதானமாக.

விளையாட்டின் பெயர் தேன்கோட்டை. மூன்று பேர் ஓர் அணி, ஆளுக்கு ஒரு தேனீ. திரை முழுக்க ஒரு தோட்டம். இந்தக் கோடியில் நம் கூடு, அந்தக் கோடியில் எதிரணியின் கூடு. பூப்பூவாகப் போய்த் தேன் எடுத்து வந்து கூட்டில் சேர்க்க வேண்டும். எதிரணித் தேனீ உள்ளே புகுந்துவிட்டால் சேர்த்ததையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதனால் மூவரில் ஒருவர் கூட்டின் வாசலை அடைத்துக்கொண்டு காவல் நிற்க வேண்டும். நிற்கும்வரை எவரும் நுழைய முடியாது, நகர்ந்தால் போச்சு. நேரம் முடியும்போது எந்தக் கூட்டில் தேன் அதிகமோ அந்தக் கூட்டுக்கு வெற்றி. இந்த நிற்கிற வேலையை எந்தப் பிள்ளையும் விரும்பாது. எல்லாவற்றுக்கும் பறக்கத்தான் ஆசை.

மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மூத்தவளின் தம்பி புதிது வாங்கியபோது அக்கா மகனுக்கென்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. பள்ளி விட்டு வந்ததும் ஆமையும் மிளகும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து அதில்தான் பழகினார்கள். மூத்தவள் இரண்டு பேருக்கும் ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பாள். "அந்தக் கறுப்புத் தேனீயை விடாதடி மிளகு" என்று கத்துவாளாம். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மிஸ் அணியைப் பிரித்த அன்றுதான் கோணலாகிப் போனது. ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேரை முன்னமே எடுத்தாகிவிட்டது. ஒருவன் நெட்டை, இன்னொருத்தி கண்ணாடிக்காரி. மிச்சம் ஓர் இடம்.

"அம்மா, நான் டீம்ல! அண்ணன் ஸ்பேர்!" என்று தோளிலிருந்து பையை இறக்குவதற்குள் மிளகு கத்தினாள்.

மருத்துவமனைப் பச்சை அங்கிகளைத் தேய்த்துக்கொண்டிருந்த மூத்தவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஸ்பேர்னா என்னடா?"

"யாருக்காவது காய்ச்சல் வந்தா நான்" என்றான் ஆமை. அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகவே தெரியவில்லை. ரொட்டி டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு நியாயம். எங்க வீட்டுக் கம்ப்யூட்டர், எங்க வீட்டு நாற்காலி, எங்க புள்ள உக்காந்து சொல்லிக் குடுத்தது. கடைசில அவன் ஸ்பேர் டயர்."

இளையவள் விரிப்பை உதறிக்கொண்டே கேட்டாள். "நாற்காலியைப் பாத்தா அக்கா டீம் எடுப்பாங்க?"

"நான் குழந்தையைச் சொல்லல. உன்னைச் சொல்றேன். மிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? எங்க வீட்ல ரெண்டு பேர் இருக்காங்க, ரெண்டையும் பாருங்கன்னு?"

"நான் எப்பக்கா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன்? விடிஞ்சதுலேர்ந்து உங்க பக்கத்துலதானே நின்னுட்டு இருக்கேன்!"

"போன வாரம் மிஸ் கடைக்கு வந்தப்ப சிரிச்சுச் சிரிச்சுப் பேசினியே. அது என்ன?"

"அவங்க வீட்டுத் திரைச்சீலை சுருங்கிடுச்சு. அதுக்குப் பல்லைக் காட்டினேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க, அழவா?"

"எப்படியோ, வேலை ஆச்சு இல்ல உனக்கு?"

அத்தோடு விட்டிருக்கலாம். காலையிலிருந்து நின்ற கால் வலியோ, மழைப் புழுக்கமோ, மகள் ஜெயித்து வந்த நேரத்தில் இப்படிப் பேசுகிறாளே என்ற ஆத்திரமோ, இளையவளுக்கு நாக்கு முந்திக்கொண்டது.

"மிஸ்தான் என்னக்கா பண்ணுவாங்க? ஆமையைப் பிடிச்சு ஓட்டப் பந்தயத்துல விடுவாங்களா?"

வீட்டில் நாளெல்லாம் கூப்பிடுகிற பெயர்தான். ஆனால் அன்றைக்கு அது வேறு எதுவாகவோ மாறி விழுந்தது. இஸ்திரிப் பெட்டி ஒரு தடவை ஆவியைக் கக்கி அடங்கியது. ஆமை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சித்தியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி" என்றாள் மூத்தவள். அவ்வளவுதான். மறுநாள் மாடியில் கம்ப்யூட்டரின் வயரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். "பரீட்சை வருது. இனிமே படிப்பு." இளையவளோடு பேச்சும் அன்றோடு நின்றது.

இளையவள் கெட்டவள் இல்லை. சொன்ன மறுநிமிஷமே அதைத் திரும்ப எடுத்து வாயில் போட்டுக்கொள்ள முடியாதா என்றுதான் இருந்தது. விரிப்பை மடிக்கும்போது, முனையைக் கொடுக்க நெருங்கி வரும்போது, 'அக்கா, தெரியாம சொல்லிட்டேன்' என்பதைத் தொண்டை வரைக்கும் கொண்டுவருவாள். அந்த நேரம் பார்த்து மூத்தவள் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொள்வாள். உடனே இவளுக்கும் ரோஷம் வந்துவிடும். போகட்டும், எனக்கென்ன என்று அடுத்த விரிப்பை உதறுவாள். கூடவே இன்னொரு எரிச்சலும் இருந்தது. வாரத்தில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு மட்டுமே வைத்துக்கொண்டு மகள் எப்படிப் பழகுவாள்?

"உன் பொண்ணு தோத்தா தோக்கட்டும். உலகமா முழுகிடும்?" என்றார் கணவர்.

"உங்க பொண்ணு இல்லையா அவ?"

"ஜெயிச்சா என் பொண்ணு" என்று சிரித்துவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய்விட்டார்.

மழை விடாமல் கொட்டிய ஒரு மத்தியானம். பள்ளிக்கு விடுமுறை. மூத்தவள் மாடியில் சமையலில் இருந்தாள். மிளகின் சத்தம் கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை. அவள் சத்தம் கேட்காவிட்டால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். இளையவள் தேடிக்கொண்டு போனாள். மேஜை விரிப்புகள் வரிசையாகத் தொங்கும் அறைக்குள், துணிகளுக்குப் பின்னாலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. விலக்கிப் பார்க்கவில்லை. நின்று கேட்டாள்.

"இந்தச் சோப்புத்தான் கூடு. இந்த வெள்ளைப் பொத்தான் நம்ம காவல். இப்ப அவங்க வராங்க பாரு." ஆமையின் குரல். மெஷினுக்குள்ளிருந்து கிடைக்கும் உதிர்ந்த பொத்தான்களை அட்டையின் மேல் நகர்த்துவது கேட்டது. "பக்கத்துல வந்து வந்து போவாங்க. உன்னைச் சீண்டுவாங்க. நீ நகரக் கூடாது."

"எனக்குப் போய் ஒண்ணு வைக்கணும் போல இருக்குமே!"

"அதுக்குத்தான் வராங்க. நீ துரத்திட்டுப் போனா இன்னொருத்தன் உள்ள பூந்துடுவான்."

"எவ்ளோ நேரம் சும்மா நிக்கறது?"

"சும்மா நிக்கல. வாசலைப் பாத்துட்டு நிக்கறோம்."

"எனக்கு நிக்க வராதுண்ணா."

"உனக்கு எதுக்கு? நீ பறக்கற ஆளு. நெட்டைதானே வாசல். அவனுக்குச் சொல்லு."

"சொன்னா கேக்க மாட்டான். நாலாம் வகுப்பு போய் அவனுக்குச் சொல்றதான்னு கேப்பான்."

இளையவள் அடுப்படிக்குப் போய் இரண்டு முட்டைகளை அவித்து, உரித்து, உப்புத் தூவிக் கொண்டுவந்து விரிப்புகளை விலக்கினாள். பிள்ளைகள் இரண்டும் திருட்டு முழி முழித்தன. அட்டையில் சாக்பீஸால் தோட்டம் வரைந்திருந்தது. நீலப் பொத்தான்கள் ஒரு பக்கம், கறுப்புப் பொத்தான்கள் ஒரு பக்கம்.

"சாப்பிடுங்க" என்று கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிளகு முட்டையை இரண்டே வாயில் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடினாள். ஆமை வெள்ளையை முதலில் சுற்றிச் சுற்றிக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நீயும் மாடியில விளையாடறதில்லையாடா?"

"இல்ல சித்தி. வயரை அம்மா எங்க வெச்சிருக்காங்கன்னு தெரியும். ஆனா மிளகு வராம நான் மட்டும் என்ன விளையாடறது?"

இளையவள் அட்டையிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து விரலில் உருட்டினாள்.

"அன்னிக்கு சித்தி ஒண்ணு சொன்னேனே. கோவத்துல."

"எது? ஆமைன்னா? என் பேரே அதுதானே." மஞ்சள் கரு உடையாமல் வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாதான் மாடிக்குப் போய் அழுதாங்க. ஏம்மான்னா வெங்காயம்னாங்க. அன்னிக்கு வீட்ல வெங்காயமே இல்ல சித்தி."

அதற்குமேல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. சாயங்காலம் டீ போடும்போது ஒரு குவளை கூடுதலாகப் போட்டு, மூத்தவள் தேய்க்கிற மேஜையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். மூத்தவள் டீ ஆறிப்போகிற நேரத்தில் எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டுச் சுவரிடம், "சர்க்கரை கம்மி" என்றாள்.

மறுநாள் இளையவள் ஒரு கரண்டி சேர்த்துப் போட்டாள். சுவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நாள் தவறாமல் டீ போனது, குவளை காலியாகத் திரும்பியது. அதைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்க இரண்டு பேருக்கும் மனசு வணங்கவில்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை. பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் கூடத்தில். பெற்றோர் வரலாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். தம்பி மெஷின்களோடு இருந்துகொண்டார். அண்ணன் சரக்கு எடுக்கப் போகிற வழியில் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டார். மூத்தவள் முன்னால், இளையவள் பின்னால் காலி மூட்டைகளின் மேல், பிள்ளைகள் நடுவில். வழியெல்லாம் மிளகு ஒருத்திதான் பேசினாள்.

கூடத்தில் வரிசையாக மேஜைகள், மேஜைக்கு மூன்று திரைகள், தலைக்கு மாட்டுகிற ஹெட்போன்கள். மேடையில் ஒரு பெரிய திரை. அதில் ஆட்டம் தெரியும். பிள்ளைகளின் கால்கள் பாதி நாற்காலிகளில் தரையைத் தொடாமல் ஆடின. பெற்றோர் கூட்டம் தாங்கவில்லை. ஒரு கைக்குழந்தை எங்கோ அழுதது, ஒருவர் வாழைப்பழத் தோலை வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று சுற்றினார். உட்கார இடமில்லாமல் இளையவள் சுவரோரமாக நின்றபோது ஆமை வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"சித்தி, இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள், இரண்டிலும் பள்ளிக்கூடப் பைகள். ஒரு பையை எடுத்துவிட்டு அவன் அம்மாவை ஏற்கெனவே உட்கார வைத்திருந்தான். இன்னொன்றை இப்போது எடுத்தான். இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அப்பாவி முகத்தோடு போய் அணிக்குப் பின்னால் இருந்த ஸ்பேர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

முதல் ஆட்டம் சுலபமாகப் போயிற்று. எதிரணிப் பிள்ளைகளுக்கு எந்த விசையை எப்போது அழுத்துவதென்றே பிடிபடவில்லை. மிளகின் மஞ்சள் தேனீ திரையில் நிற்கிற இடம் தெரியவில்லை. இளையவளுக்குக் கண் பூத்துப் போயிற்று. வீட்டில் ஒரு தம்ளரை ஒழுங்காக வைக்காத கை, இங்கே இத்தனை பூக்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துப் பறக்கிறதே என்று நினைத்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தால் இறுதிப் போட்டி. அதில்தான் சறுக்கியது. எதிரணியில் ஒரு கெட்டிக்காரப் பையன் வாசலுக்குப் பக்கத்தில் வந்து வந்து போனான். நெட்டை பொறுத்துப் பார்த்தான். பிறகு பொறுக்காமல் துரத்திக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டான். அவன் திரும்புவதற்குள் வேறு இரண்டு தேனீக்கள் உள்ளே புகுந்து கூட்டைத் துடைத்து வைத்துவிட்டன. மிளகு கொண்டுவந்து கொட்டக் கொட்ட அவர்கள் அள்ளிக்கொண்டே இருந்தார்கள்.

"வாசலை விட்டுட்டானே பாவி" என்று மூத்தவள் தனக்குத்தானே சொன்னாள்.

"அவன் எங்க வாசல்ல நின்னான்?" என்று இளையவள் தனக்குத்தானே சொன்னாள்.

இனி மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் மட்டும் பாக்கி. இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள். மிளகு மிஸ்ஸிடம் போய், தலையை ஆட்டி, கையை ஆட்டி ஏதோ சொன்னாள். மிஸ் இல்லை என்பது போல் தலையசைத்தார். மிளகு விடாமல் மறுபடி சொன்னாள். மிஸ் நெட்டையைப் பார்த்தார். நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான், கண் சிவந்திருந்தது. பிறகு மிளகு தன் மேஜையிலிருந்த ஹெட்போனை எடுத்து, ஆமையின் தலையில் மாட்டி, அது இறுக்கமாக இருந்ததால் இரண்டு பக்கமும் இழுத்து அகலப்படுத்தினாள்.

இளையவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னாச்சு? ஏன் எழுந்துட்டா அவ?" மூத்தவளும் எழுந்தாள். "உடம்பு சரியில்லையா? காலைல சாப்பிட்டாளா இல்லையா?"

"சாப்பிட்டா அக்கா. ரெண்டு ரொட்டி சாப்பிட்டா. உங்க புள்ளைக்கு இடம் குடுக்கறா, தெரியல?"

குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை நாள் ஓர் இடத்துக்காக இவர்கள் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்க, அந்தப் பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுகிற மாதிரி அதை நீட்டிவிட்டதே.

மூத்தவளின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, எதுக்கு? நான் போய் மிஸ்கிட்ட வேணாம்னு சொல்றேன். குழந்தை ஆசையா வந்திருக்கு..." என்று பைகளைத் தாண்டிக் காலெடுத்து வைத்தாள்.

இளையவள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"உக்காருங்க அக்கா. அதுங்களே பேசி முடிவு பண்ணிடுச்சுங்க. நாம நடுவுல பூந்து கெடுத்தது போதும்."

மூத்தவள் உட்கார்ந்தாள். பிடித்த கையை இளையவள் விடவும் இல்லை, மூத்தவள் உருவிக்கொள்ளவும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. நெட்டை இப்போது பறக்கிற தேனீ. துரத்துவதற்குப் பூக்கள் கிடைத்துவிட்டதால் அவன் பாட்டுக்கு இறக்கை கட்டிப் பறந்தான். கண்ணாடிக்காரி தன் வழியில் ஒழுங்காகப் போய்வந்தாள். கூட்டு வாசலில் ஒரு தேனீ. அது நகரவே இல்லை. எதிரணித் தேனீ மூக்கருகில் வந்து சுற்றியது. நகரவில்லை. இரண்டாவது ஒன்று வந்து பக்கவாட்டில் முட்டியது. நகரவில்லை. மூன்றாவதும் வந்து சேர்ந்துகொண்டு மூன்றுமாக ரீங்கரித்தன. பெரிய திரையில் பார்த்த கூட்டமே "போ, போய் அடி" என்று கத்தியது. ஆமை நாற்காலியில் சாய்ந்துகூட உட்காரவில்லை. வீட்டில் சோறு பிசைகிற அதே நிதானத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பின்னால் நின்ற மிளகுதான் தவித்தாள். "நகராதண்ணா! நகராத!" என்று கத்தினாள். நடுவர் வந்து ஸ்பேர் ஆள் சத்தம் போடக் கூடாது என்றார். உடனே இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, கால் மட்டும் குதித்துக்கொண்டிருந்தாள்.

பொத்தாத வாய் ஒன்று முன்வரிசையில் இருந்தது.

"அப்படியே நில்லுடா ஆமை!" என்று மூத்தவள் எழுந்து நின்று கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "நில்லு! என் ஆமை, நில்லு!"

இளையவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவளும் எழுந்து கத்தினாள். "வாசல் ஆமை! வாசல்!"

நடுவர் அவர்களையும் பார்த்தார். ஆனால் பெற்றோருக்கு விதி எதுவும் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது.

மணி அடித்தபோது எதிரணிக் கூட்டிலும் தேன் இருந்தது, இவர்கள் கூட்டிலும் இருந்தது. இவர்களுடையதில் கொஞ்சம் கூடுதல். ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. நெட்டை ஆமையை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கப் பார்த்து, முடியாமல் இருவருமாகச் சாய்ந்தார்கள். மிளகு அவர்கள்மேல் போய் விழுந்தாள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகப் பையில் வைத்துவிட்டு, அதன் பிறகு அவளும் விழுந்தாள்.

மூன்றாம் பரிசு ஒரு குட்டிக் கோப்பை. முட்டை வைக்கிற அளவுதான் இருக்கும். அது பள்ளிக்கூடத்துக்கு என்று மிஸ் வாங்கி வைத்துக்கொண்டார். ஆளுக்கொரு பதக்கம், ஸ்பேருக்கும் சேர்த்து.

வெளியே மழை விட்டு, வெயில் மெலிதாக எட்டிப் பார்த்தது. அண்ணன் வேனை நிறுத்தியிருந்தார். உள்ளே பாதி உயரத்துக்கு ஓட்டலின் அழுக்கு மூட்டைகள். இந்தத் தடவை பெண்கள் இருவரும் பின்னால் ஏறி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இருவரும் முன்னால். மூத்தவள் வேனுக்குள் ஏறுவதற்கு முன்பே மிளகை எட்டிப் பிடித்து நிறுத்தி, பதக்கத்தின் நாடாவை நேராக்கிவிட்டாள். பிறகு அவள் மூக்கைத் தன் விரலால் ஒரு நிமிண்டு நிமிண்டினாள்.

"ஏண்டி, உன் இடத்தை ஏன் குடுத்த?" என்று இளையவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"குடுக்கலம்மா. வாசல்ல நிக்க ஆள் வேணும். எனக்கு நிக்க வராது."

"நெட்டையை எடுத்திருக்கலாம் இல்ல?"

"அவன் அழுதுடுவான். அவங்க அப்பா வேற வந்திருந்தாங்க. நான் அழ மாட்டேன், அதான் என்னை எடுங்கன்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மேலும் சொன்னாள். "கொஞ்சமா வந்துது. தண்ணி குடிச்சேன். போயிடுச்சு."

மூத்தவள் மூட்டையின் முடிச்சை விரலால் நெருடினாள். "நான் வயரைப் பிடுங்கினது தப்பு" என்றாள், வேனின் தகரத்தைப் பார்த்து.

"நான் சொன்னதும் தப்பு" என்றாள் இளையவள், அதே தகரத்தைப் பார்த்து.

வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. இருவரும் சாய்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி மோதிக்கொண்டார்கள்.

"இருந்தாலும் அந்த ரெண்டாவது ஆட்டம் தோத்திருக்க வேணாம்" என்று மூத்தவள் ஆரம்பித்தாள். "ஆரம்பத்துலயே இவனை வாசல்ல வெச்சிருந்தா இன்னிக்கு ஃபைனல்."

"அதெப்படி? இவன் வாசல், மிளகு தோட்டம். அப்பதான் ஃபைனல். நெட்டை எதுக்கு?"

"நெட்டை நல்லாத்தான் பறந்தான். அந்தக் கண்ணாடிப் பொண்ணுதான் ஒரே பக்கமே போய்ப் போய் வந்தா."

"அவ ஒழுங்கா கொண்டுவந்து சேர்த்தா அக்கா! நீங்க ஆமையை மட்டும் பாத்துட்டு இருந்தீங்க!"

"நான் எல்லாத்தையும்தான் பாத்தேன்! உனக்குத் தேன்கோட்டை பத்தி என்ன தெரியும்? நான் மாசக்கணக்குல பின்னாடி நின்னு பாத்திருக்கேன்!"

"பின்னாடி நின்னா போதுமா? நான் இன்னிக்கு முன்னாடி உக்காந்து பாத்தேன்!"

குரல்கள் உயர்ந்தன. ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்களாடா?"

ஆமை திரும்பிப் பின்னால் ஒரு தடவை பார்த்தான். நன்றாகப் பார்த்து, யோசித்து, பிறகு திரும்பினான்.

"சண்டை இல்லப்பா. பேசிட்டு இருக்காங்க."

"அப்பாடா" என்றார் அவர். அடுத்த திருப்பம் வந்தால் கடைத்தெரு, அதைத் தாண்டினால் வீடு. அவர் அங்கே திரும்பவில்லை. வேகத்தைக் குறைத்து, சுற்று வழியாகப் போகிற சாலையில் வண்டியை விட்டார்.